அந்த ஒரு எழுத்துக்கு எவ்வளவு?

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகும் சாலையில் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பஞ்சமே இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு லாரியில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரியும். 1613 என்றால், முதல் இரண்டு எண்கள் வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை, அதாவது 16 டன். கடைசி இரண்டு எண்களோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் இன்ஜினின் சக்தி, ஏறக்குறைய 130 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத்திறன். அந்த எண் அலங்காரம் அல்ல, வண்டியின் ஜாதகம்.

கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும் ஆர்.எஸ், ஜி.டி, என் லைன் போன்ற எழுத்துகள் இப்படி வெளிப்படையாகப் பேசுவதில்லை. ‘இது சாதாரண கார் இல்லை’ என்று மட்டும் சொல்கின்றன. எந்த வகையில் இல்லை என்பதை வாங்குபவர்தான் துருவிக் கேட்க வேண்டும்.

2022-ல் ஆட்டையாம்பட்டியில் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி பெரிய விவாதமாகவே நடந்தது. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மகனுக்குப் பெங்களூருவில் வேலை. சேமிப்போடு ஐந்து வருடக் கடனும் சேர்த்து முதல் கார் வாங்கும் நேரம். மகனுக்குப் பிடித்தது ஹூண்டாய் ஐ20 என் லைன். சிவப்புக் கோடுகள், இரட்டைப் புகைக்குழாய், பின்னால் அந்த ‘என்’.

“அதென்ன என் லைன்? அப்போ எங்களுக்கெல்லாம் அதில் இடமில்லையா?” என்று அம்மா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. “ஏன் கண்ணு, சாதா டர்போ வண்டிக்கு எத்தனை குதிரை?”

“120, அப்பா.”

“இதுக்கு?”

“அதே 120தான்.”

“அப்போ அந்த ஒரு எழுத்துக்கு எவ்வளவு கேக்கறாங்க?”

மகனிடம் உடனே பதில் இல்லை. ஆனால், கேள்வி மிகச் சரியானது.

ஹூண்டாயின் ‘என்’ என்ற எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தென்கொரியாவில் உள்ள நம்யாங் ஆராய்ச்சி மையத்தையும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையையும் குறிக்கும் எழுத்து அது. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ‘எம்’ பிரிவில் பெயர் பெற்ற ஆல்பர்ட் பியர்மன் 2015-ல் ஹூண்டாய்க்கு வந்து, ‘என்’ கார்களை உருவாக்கினார். ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் காரில் 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், 204 குதிரைத்திறன். அந்த கார் இந்தியாவுக்கு வரவில்லை. 2021-ல் இங்கே 9.84 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது ‘என் லைன்’. ஒரே ஒரு சொல்தான் கூடுதல். ஆனால், அந்தச் சொல்லுக்குள் 84 குதிரைகள் காணாமல் போயின.

அப்படியானால், ஏமாற்று வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. என் லைனில் சஸ்பென்ஷன் இறுக்கமாக்கப்பட்டது. ஸ்டீயரிங்கும் மாற்றி அமைக்கப்பட்டது. சாதாரண ஐ20-யில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். இதில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க். ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கூடுதலாகப் பத்து குதிரைகள் இருப்பதைவிட இந்த மாற்றங்கள்தான் கைகொடுக்கும். ஆக, அந்த எழுத்துக்குப் பாதித் தகுதி உண்டு. வேகத்துக்காக அல்ல, கட்டுப்பாட்டுக்காக.

முழுத் தகுதியோடு வந்த எழுத்துகளும் நம் நாட்டில் உண்டு. டாடா நிறுவனமும், முன்னாள் பந்தய வீரர் ஜே.ஆனந்தின் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கைகோத்து, 2018-ல் டியாகோ ஜே.டி.பி, டிகோர் ஜே.டி.பி கார்களைக் கொண்டுவந்தன. சாதாரண டியாகோ பெட்ரோலில் 85 குதிரைத்திறன், ஜே.டி.பி-யில் டர்போ இன்ஜினோடு 114. சஸ்பென்ஷனும் டயரும் வேறு. டியாகோ ஜே.டி.பி-யின் ஆரம்ப விலை 6.39 லட்சம் ரூபாய்தான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மாருதி பலேனோ ஆர்.எஸ்-ஸும் அப்படித்தான். சாதாரண பலேனோவின் 84 குதிரைத்திறன், டர்போ இன்ஜினால் 102 ஆனது. பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது.

இந்த இரண்டு பெயர்களும் 2020-ஐத் தாண்டவில்லை. அந்த ஏப்ரலில் பி.எஸ்-6 புகை விதி வந்தபோது, இந்த இன்ஜின்களை அதற்கேற்ப மாற்ற நிறுவனங்கள் முன்வரவில்லை. உள்ளே மாற்றிக் கொடுத்த கார்கள் போய்விட்டன. கறுப்புக் கூரையும் சிவப்புத் தையலும் கொடுக்கும் ‘ஸ்பெஷல் எடிஷன்’கள் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கின்றன. தப்பு கம்பெனிகள் மேல் மட்டுமல்ல. வாங்குகிற கூட்டமும் பானெட்டைத் திறந்து பார்ப்பதைவிட, பின்பக்கத்தைப் போட்டோ எடுப்பதில்தான் ஆர்வமாக இருக்கிறது.

இது உலகம் முழுக்க நடக்கும் கதைதான். பி.எம்.டபிள்யூ 1972-ல் பந்தயத்துக்காகவே ‘எம்’ பிரிவைத் தொடங்கியது. இன்று சாதாரண இன்ஜின் உள்ள காருக்கும் ‘எம் ஸ்போர்ட்’ என்ற பெயரில் பம்பரும் சக்கரமும் கிடைக்கும். ஒரு எழுத்து நல்ல பெயர் எடுக்கப் பல வருடம் ஆகிறது. எடுத்த பிறகு அதைப் பங்கு போட்டு விற்பது சுலபம்.

பெயரின் மதிப்பை ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரின் பெயரே கை முறுக்கால் ஊர் ஊராகப் போனது. பாக்கெட்டின் மேல் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது கையால் சுற்றியதா, மெஷினில் பிழிந்ததா என்று ஒரு கடியில் சொல்லிவிடுவார்கள். காரைக் கடித்துப் பார்க்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவும் மகனும் அதைத்தான் செய்தார்கள். இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டினார்கள். “பிக்கப் ரெண்டும் ஒண்ணுதான். ஆனா, இது வளைவுல ஆட்டமில்லாம நிக்குது. பிரேக்கும் நல்லா இருக்கு” என்றார் அப்பா. என் லைன்தான் வீட்டுக்கு வந்தது. வாங்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: “பிரேக்குக்காகத்தான் காசு கொடுக்கறோம், எழுத்துக்கு இல்ல. இதை ஞாபகம் வெச்சு ஓட்டு.”

அந்த அறிவுரைக்குக் காரணம் இருக்கிறது. பந்தயப் பெயருள்ள வண்டியில் உட்காரும் இளைஞனுக்கு, தானும் பந்தய வீரன் என்ற நினைப்பு வருவது இயல்பு. நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஒரு டூ வீலர் வந்துவிட்டால், பின்னால் ஒட்டிய எழுத்து பிரேக் பிடிக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023-ல் ஐ20 புதுப்பிக்கப்பட்டபோது, சாதாரண மாடலில் டர்போ இன்ஜினையே எடுத்துவிட்டார்கள். அங்கே 1.2 லிட்டர் பெட்ரோல் மட்டும்தான். 120 குதிரைத்திறன் வேண்டுமென்றால் என் லைனுக்குத்தான் போக வேண்டும் என்றானது. என் லைனின் சக்தி ஒரு குதிரைகூட ஏறவில்லை. பக்கத்தில் நின்ற வண்டியின் சக்தி இறங்கியதால், எழுத்தின் தகுதி ஏறிவிட்டது!

ஆகவே, ஷோரூமில் சாவியை வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இன்ஜினின் சக்தி கூடியிருக்கிறதா? பிரேக்கும் டயரும் மாறியிருக்கின்றனவா? சஸ்பென்ஷன் வேறா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த எழுத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஒன்றிரண்டுக்குத்தான் ‘ஆம்’ என்றால், அதற்குத் தகுந்த விலையா என்று கணக்குப் போடலாம். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அதே எழுத்து கார் ஆக்சஸரீஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.