மேற்கு மூலையின் சத்தம்

எங்கள் வீட்டு மச்சு பலகைத் தளம் உடையது. வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டில் பாட்டனார் காலத்தில் கட்டிய வீடு. கீழ்க்கூடத்தின் மேல் ஐந்து உத்திரங்கள். அவற்றின்மீது குறுக்காகப் பலகைகள். மேலே நடப்பவர் இன்னார் என்பது கீழே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அம்மா நடந்தால் மெல்லிய கீச்சொலி; நான் நடந்தால் பாரவண்டி முனகுவது போன்ற ஓசை. எங்களுக்குப் பழகிவிட்டது. விருந்தினர் வந்தால் மட்டும் சற்று வெட்கமாக இருக்கும்.

தங்கையின் திருமணம் நிச்சயமானபோது, பெண்களை மச்சில் அமர்த்துவதென முடிவாயிற்று. நாற்பது பேராவது வருவார்கள். அதற்குள் இந்த ஓசையை ஒழித்துவிட வேண்டுமென்று நான் புறப்பட்டேன். "மரத்தைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்" என்றார் உறவினர் ஒருவர். அரியலூர்ப் பக்கம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். 1979இல் அங்கே அரசு சிமெண்டு ஆலை வந்தது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. எந்த நோய்க்கும் சிமெண்டே மருந்து என்று நம்புவோர் எங்கள் வட்டாரத்தில் மிகுதி.

பலகை ஏன் ஓசையிடுகிறது? மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு நடந்தால் ஆணியின் பிடி தளர்ந்துவிடும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் பலகை ஆணியோடு உராய்ந்து ஏறி இறங்கும். அல்லது பக்கத்துப் பலகையோடு உராயும். இடுக்குகளில் முகப்பவுடரைத் தூவினால் உராய்வு குறையும் என்றார்கள். இரண்டு டப்பாக்களைக் காலி செய்தேன். வீடு மணத்தது, ஓசையும் பெரும்பாலும் அடங்கியது. மேற்குச் சுவரோரம் மட்டும் அடங்கவில்லை.

"அந்த மூலையின் சத்தம் வேறு" என்று அத்தா மூன்று மழைக்காலமாகச் சொல்லி வந்தார்கள். முதியவர்களின் காதுக்கு எல்லாம் வேறாகத்தான் கேட்கும் என்று நான் சிரித்துவிட்டிருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து வந்த ஆசாரி மச்சில் ஏறவே இல்லை. என்னை மேலே நடக்கச் சொல்லிவிட்டு, கூடத்தில் ஏணி போட்டு ஒவ்வொரு உத்திரத்தையும் உளிப்பிடியால் தட்டிப் பார்த்தார். நான்கு கணீரென ஒலித்தன. ஐந்தாவது, சுவருக்குள் நுழையும் இடத்தில், மொத்தென்றது. உளியின் முனையை வைத்து அழுத்தினார். விரலளவு உள்ளே சென்றது.

"பாய், இது பலகையின் குறையன்று. உத்திரம் இறங்குகிறது" என்றார்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விரிசல் வழியே மழைநீர் இறங்கி, உத்திரத்தின் தலையை உளுத்துப்போகச் செய்திருந்தது. நான் தூவிய பவுடர் அந்த மூலையையும் அடக்கியிருந்தால், நிம்மதியாக நாற்பது பெண்களை அதன்மேல் அமர்த்தியிருப்பேன். ஏணியின் அடியில் நின்றிருந்த அத்தாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

(பர்மாத் தேக்கு என்று தலைமுறையாகப் பெருமை பேசிவந்த உத்திரங்கள் வேம்பு என்பதும் அன்றே வெளிப்பட்டது. பலகைகள் மட்டுமே தேக்கு.)

வேலை ஒன்பது நாள் நீடித்தது. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த ஒன்றரை அடியை அறுத்தெடுத்தார். அவ்விடத்தில் புதுக் கட்டையைப் பொருத்தி, இருபுறமும் தேக்குச் சட்டங்களை அணைத்து, ஊடுருவப் போல்ட்டு முடுக்கினார். சுவரில் கருங்கல் ஒன்றைத் தாங்கியாகப் பதித்தார்கள். இடைவெளியைச் சிமெண்டால் அடைக்க வந்த கொத்தனாரைத் தடுத்து, மரத்தலையைச் சுற்றி ஒரு விரற்கடை காற்றோட விட்டார். ஈரம் உள்ளே சிறைப்பட்டால் மறுபடி உளுக்குமாம். ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளை அறிவீர்கள். அக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெயைத் தலைப்பகுதியில் பூசினார். பூச்சி அண்டாது, ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் அதைத் தொட்டார். கைப்பிடிச் சுவரின் விரிசலும் அடைக்கப்பட்டது.

மற்றப் பலகைகளுக்குத் துளையிட்டுத் திருகாணி முடுக்கினார். சில இடங்களில் பலகைக்கும் உத்திரத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்பு வைத்தார். ஆப்பை ஓங்கி அடித்தால் பலகை மேலெழும்பிப் புது ஓசை பிறக்கும் என்று என்னை எச்சரித்தார். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

திருமணத்துக்கு முந்தைய இரவு அத்தா தாமே மச்சுக்கு ஏறினார்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சென்றேன். மேற்குச் சுவர்வரை நடந்து, குதிகாலை ஊன்றி இருமுறை அழுத்திப் பார்த்தார்கள். சத்தமில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வந்து மிதித்துப் பார்" என்றார்கள்.