பெரியப்பா லாரிக்குப் பாட்டு: ஒரு 4,870 ரூபாய்க் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு ஸ்பீக்கர் பத்தி என்ன தெரியும்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். டெபிட், கிரெடிட் மாதிரிதான் பாசிட்டிவ், நெகட்டிவ். அங்க மாத்திப் போட்டா மார்க் போகும், இங்க மாத்திப் போட்டா புகை வரும். அவ்வளவுதான் வித்தியாசம் (ஹி..ஹி..).

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க பெரியப்பா சொந்த லாரி ஓட்டுறவர். 2009ல வாங்கின ஆறு சக்கர வண்டி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்க மக்காச்சோளம் வேணும் இல்லையா, அதை தாவணகெரே பக்கம் போய் ஏத்திட்டு வருவார். முன்னாடி கூட ஒரு கிளீனர் இருந்தார். டீசல், டோல், டயர் எல்லாம் ஏறின பிறகு அந்தச் சம்பளம் கட்டுப்படியாகலை. இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு கேபின்ல பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பாட்டுதான் கிளீனர்.

தூக்கம் வந்தா வண்டியை ஓரங்கட்டிப் படுத்துடணும், பாட்டு அதுக்கு மாத்து இல்லைன்னு அவரே சொல்வார். ஆனா தூக்கம் வராத நேரத்துலயும் தனிமைன்னு ஒண்ணு இருக்கே.

அந்தப் பாட்டும் ஒரு வருஷமா இல்லை. காரணம் ஒரு பேட்டரி. அதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கார், டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் எல்லாம் 12 வோல்ட். பெரிய லாரிகள்ல பெரும்பாலும் 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா இணைச்சிருப்பாங்க. கடையில விக்கிற கார் பிளேயரோ 12 வோல்ட்டுக்குச் செஞ்சது. நேரா 24ல கொடுத்தா அன்னிக்கே அதுக்குக் காரியம் பண்ண வேண்டியதுதான். அதனால நம்ம ஊர்ல ரொம்ப காலமா ஒரு குறுக்கு வழி இருக்கு. ரெண்டு பேட்டரியில கீழ இருக்கிற ஒண்ணுல இருந்து மட்டும் ஒரு வயரை இழுத்து பிளேயருக்குக் கொடுக்கறது. செலவு வெறும் ஒரு வயர். பாட்டும் ஜோரா பாடும். ரோட்டோரக் கடை எலக்ட்ரீஷியன் ஒருத்தர் பெரியப்பா வண்டிக்கு இதைத்தான் செஞ்சு வச்சிருந்தார்.

இதுல என்ன தப்புன்னா, ஒரே நுகத்தடியில ரெண்டு மாடு பூட்டியிருக்கீங்க. அதுல ஒரு மாட்டுக்கு மட்டும் ராத்திரியெல்லாம் கூடுதல் வேலை. ஆனா காலையில தீனி ரெண்டுக்கும் ஒரே அளவு. ஏன்னா ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற கரண்ட் ரெண்டு பேட்டரி வழியாவும் ஒண்ணாத்தான் ஓடும், தனித்தனியா பிரிச்சு ஊட்டாது. உழைச்ச மாடு பட்டினி, சும்மா நின்ன மாட்டுக்கு அஜீரணம். ஒரு பேட்டரி முழுசா சார்ஜ் ஆகாமலே கிடந்து கெட்டுப்போகும், இன்னொண்ணு அளவுக்கு மீறி சார்ஜ் ஆகித் தண்ணி வத்தும். ஒன்றரை வருஷத்துல ரெண்டும் போச்சு. அதுவும் எப்ப? லோடு ஏத்தி முடிச்சு கிளம்பற நேரத்துல. வேற வண்டியில இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி, வந்த உடனே ஜோடி பேட்டரி மாத்தினார். மாத்தின அன்னிக்கே பிளேயரைக் கழட்டி வீட்டுப் பரண்ல போட்டுட்டார்.

செமஸ்டர் லீவுல நான் பேச்செடுத்தப்ப அவர் சொன்ன நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. "பாட்டு பாடோணும் கண்ணு, பேட்டரி சாவக்கூடாது." பட்ஜெட் ஐயாயிரம்.

முதல்ல வாங்கினது பிளேயர் இல்லைங்க, கன்வர்ட்டர். 24ஐ 12 ஆக்கித் தர்ற அலுமினியப் பெட்டி. 10 ஆம்பியர், 850 ரூபாய். இது ரெண்டு பேட்டரியில இருந்தும் சமமா எடுக்கும், மாட்டுச் சண்டை தீர்ந்தது. பாட்டுக்கு நேரடியா சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டிக்கு பட்ஜெட்ல ஆறுல ஒரு பங்கான்னு என் பெரியப்பா மகன் முறைச்சான். ஒரு ஜோடி பேட்டரி விலையைச் சொன்னேன், அடங்கிட்டான்.

அடுத்து வயர், பியூஸ், ஹோல்டர் எல்லாம் சேர்த்து 420. பியூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே போடணும். பிளேயர்கிட்ட போட்டா, நடுவுல வயர் எங்கயாவது உரசி சேசிஸ்ல பட்டா பியூஸுக்குத் தெரியவே தெரியாது, வயர்தான் எரியும். பழைய வண்டியில தகடு ஓட்டை எல்லாம் கத்தி மாதிரி இருக்கும். வயர் நுழையற ஓட்டைக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டோம். மொத்த வேலையில பாதி நேரம் இதுக்கே போச்சு, பார்க்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

இப்ப பிளேயர். டப்பாவுல "50 வாட் x 4"ன்னு பெரிய எழுத்துல போட்டிருப்பான். இது எம்.ஆர்.பி. மாதிரி, யாரும் அந்த விலைக்கு விக்கறதில்லை. கணக்கு ரொம்ப சுலபம். ஸ்பீக்கர் 4 ஓம், பிளேயருக்குள்ள வேற பூஸ்டர் எதுவும் இல்லைன்னா, வோல்ட்டை வோல்ட்டால பெருக்கி எட்டால வகுங்க. 12க்கு 18 வாட். வண்டி ஓடும்போது கார்ல இருக்கிற 14.4க்கு 26 வாட். உள்ள ஆகிற நஷ்டம் போக அதுவும் முழுசா வராது. நாலு சேனலுக்கு 200 வாட்னு நம்பி வாங்கறவங்க பாவம். நான் 1,450க்கு ஒண்ணு வாங்கினேன். தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் வாட் இல்லை, சத்தம் கூட்டிக் குறைக்க உருண்டைத் திருகு இருந்தது. டச் ஸ்கிரீன் இருக்கிறது அழகுதான். ஆனா இருட்டுல, ரோட்டைப் பார்த்துக்கிட்டே, கைக்கு மட்டும் தெரியற மாதிரி திருகுற சமாச்சாரத்துக்கு ஈடு கிடையாது.

இதை அவர்கிட்ட சொன்னப்பதான் தொப்பூர் பேச்சு வந்தது.

தர்மபுரியில இருந்து சேலம் வர்றப்ப தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துக்குப் பேர் போன இடம். காலி வண்டி ஏறிப் போகும், லோடு வண்டி இறங்கி வரும், அதுதான் வம்பே. அந்த இறக்கத்துல பெரியப்பா பாட்டை நிறுத்திடுவாராம். எஞ்சின் சத்தத்தை வச்சுத்தான் கியர் சரியா பிடிச்சிருக்கான்னு தெரியும், காத்து எங்கயாவது கசிஞ்சா பிரேக் போறதுக்கு முன்னாடி காதுக்குத்தான் முதல்ல தெரியும்னார். பின்னாடி ஜோடி டயர்ல ஒண்ணு வெடிச்சாலும் அப்படித்தான். எனக்கு அதுவரைக்கும் நல்ல சிஸ்டம்னா ஓங்கிப் பாடறதுதான். ஓட்டுறவருக்கு நல்ல சிஸ்டம்னா மத்த சத்தத்தை மறைக்காதது.

பழைய கேபின்ல இது கஷ்டம். ஏசி கிடையாது, கண்ணாடி எப்பவும் இறக்கித்தான் இருக்கும். (1 அக்டோபர் 2025ல இருந்து தயாரிக்கிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு, ஆனா ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற பழைய வண்டிக்கு அது பொருந்தாது.) டீசல் எஞ்சினோட சத்தம் பெரும்பாலும் அடித்தொண்டை சத்தம், அதோட போட்டி போட்டு பாஸ் கூட்டறது வீண் வேலை. சப்வூஃபர் யோசனையை அங்கயே விட்டோம்.

அதுக்குப் பதிலா ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்துல கொண்டு வந்தோம். திறந்த வெளியில தூரத்தைப் பாதியாக்கினா 6 டெசிபல் கூடும். வாட் கணக்குல அது நாலு மடங்கு! கேபினுக்குள்ள சத்தம் முட்டி மோதறதால அவ்வளவு கிடைக்காது, இருந்தாலும் காசில்லாம வர்றதை ஏன் விடணும்? கண்ணாடிக்கு மேல தட்டுல வைக்கிற வழக்கமான இடத்தை விட்டுட்டு, சீட்டுக்குப் பின்னாடி பெர்த் ஓரமா, ரெண்டு பக்கமும் காது உயரத்துல. ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி 1,300. வாங்கும்போது வாட்டைப் பார்க்காம சென்சிட்டிவிட்டியைப் பாருங்க. 89 டெசிபலுக்கும் 92க்கும் நடுவுல இருக்கிற அந்த மூணு, பிளேயரோட வாட்டை ரெட்டிப்பாக்கறதுக்குச் சமம்.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டா டப்பா சத்தம்தான் வரும். கோன் முன்னாடி தள்ளற காத்தும் பின்னாடி இழுக்கற காத்தும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பாஸ் காணாமப் போயிடும். ஊர்ல ஆசாரிகிட்ட 500 ரூபாய்க்கு பிளைவுட்ல ரெண்டு பெட்டி அடிச்சு வாங்கி, உள்ள பழைய தலகாணிப் பஞ்சை அடைச்சோம். பெட்டியை ஆங்கிள் போட்டு போல்ட்டால இறுக்கியிருக்கு. சடன் பிரேக்ல அது பறந்து வந்து ஓட்டுறவர் பின்மண்டையில விழுந்தா பாட்டாவது ஒண்ணாவது!

கன்வர்ட்டருக்குத் தனியா ஒரு சுவிட்ச் வச்சோம். லோடுக்காகக் காத்துக் கிடக்கிற நாள்ல எஞ்சின் ஓடாது, அப்பவும் பாட்டு வேணும். மெதுவா பாடினா 24 வோல்ட் பக்கம் ஒரு ஆம்பியர் சொச்சம்தான், அஞ்சு மணி நேரத்துக்கு அது ஒண்ணுமே இல்லை. சுவிட்சை அணைச்சா சொட்டு கரண்ட் போகாது. பதிலுக்கு, பிளேயர் ஞாபகத்தை இழந்து ஒவ்வொரு தடவையும் முதல் பாட்டுல இருந்து ஆரம்பிக்குது. மஞ்சள் வயரை நேரா பேட்டரி கரண்ட்ல கொடுத்தா ஞாபகம் நிக்கும், ஆனா கன்வர்ட்டர் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கணும். பெரியப்பாகிட்டயே விட்டேன். "முதல் பாட்டு நல்ல பாட்டா வச்சிரு, தீர்ந்துச்சு"ன்னார்.

பென் டிரைவ் 350. என்.டி.எஃப்.எஸ். இருந்தா இந்த மாதிரி பிளேயர்கள் பலதும் படிக்காது, ஃபேட் 32ல ஃபார்மேட் பண்ணுங்க. புளூடூத் இருக்கு, ஆனா போன் சார்ஜ் தீர்ந்தா பாட்டும் தீரும்.

கூட்டிப் பாருங்க, 4,870 வருதா? மீதி 130க்கு நானும் அண்ணனும் புரோட்டா சாப்பிட்டோம், பத்தலை.

கன்வர்ட்டர் மாதிரி பெட்டிகள் பக்கத்துல எஃப்.எம். ஆன்டெனா இருந்தா கரகரன்னு இரைச்சல் வரும். அதனால அதை இடப்பக்க சீட்டுக்கு அடியில தள்ளி வச்சு, எல்லா நெகட்டிவ் வயரையும் பெயின்ட் சுரண்டின ஒரே போல்ட்டுல முடிஞ்சோம். இப்ப தர்மபுரி வானொலி சுத்தமா எடுக்குது. முதல் ட்ரிப் போய் வந்தப்ப எப்படி இருந்துச்சு பெரியப்பான்னேன். தாவணகெரேயில லோடு ஏத்தறவங்க கன்னடப் பாட்டு கேட்டாங்களாம், அடுத்த தடவைக்குள்ள கொஞ்சம் ஏத்தி வைக்கச் சொல்லி பென் டிரைவைக் கையில கொடுத்துட்டுப் படுக்கப் போயிட்டார்.