ஊறுகாய் ஜாடியில் 214 லிங்கன்!

மைனஸ் 22 டிகிரி குளிர். எமர்சன் என்ற குட்டி ஊர். கனடாவின் மனிடோபா மாநிலம் முடிகிற இடம். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில், ஆறிப்போன காபியோடு ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனி, பனி, அதுக்கும் அப்பால் அமெரிக்கா. என்னோடு கார்ல வந்த 214 பேரும் உள்ளே போயாச்சு. எனக்கு மட்டும் விசா இல்லை!

214 பேரும் ஆபிரகாம் லிங்கன்கள். செம்பு நிற ஒரு சென்ட் காசுகள். சரி, முதல்லேர்ந்தே சொல்றேன்.

வின்னிபெக்கில் படிக்கிறேன். குடியிருப்பது ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் வீட்டு பேஸ்மென்ட்டில். எண்பதுகளில் ஊரை விட்டு வந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் மூலைக்கடை நடத்தி, இப்போது ரிட்டயர்டு. 2025 நவம்பரில் ஒரு ராத்திரி மேலேயிருந்து குரல். "தம்பி, இஞ்ச வாரும். டிவியைப் பாரும்!"

நவம்பர் 12-ம் தேதி ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில், புழக்கத்துக்கான கடைசி பென்னியை அமெரிக்கா அச்சடித்துவிட்ட செய்தி. 1793-ல் ஆரம்பித்த காசு பாஸ்! ஒரு சென்ட் காசு ஒன்றைச் செய்ய 3.69 சென்ட் செலவானால் யார்தான் தாங்குவார்கள்?

"அவையளும் நிப்பாட்டிப்போட்டினம்" என்றபடி அங்கிள் சிங்க்குக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை இழுத்தார். தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். உள்ளே முழுக்க சில்லறை. "இதை எண்ணி பாங்கில கட்டும். அரைவாசி உமக்கு."

ஜாடிக்கு ஒரு தேதி இருக்கிறது. 2013 பிப்ரவரி 4. அன்றைக்குத்தான் கனடா தன் ஒரு சென்ட் காசை வெளியே விடுவதை நிறுத்தியது. கடைசிக் காசை அடித்தது அதற்கு முந்தைய வருஷம் மே 4-ம் தேதி, இதே வின்னிபெக்கில். அந்த நாணயச் சாலையை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். தட்டையான புல்வெளி நடுவே முக்கோணமாக ஒரு கண்ணாடிக் கட்டடம். ஊர் உலகத்துக்கெல்லாம் காசு அடித்துக் கொடுக்கிற இடம். சொந்த ஊர்க் காசு அடக்க விலை 1.6 சென்ட் ஆனதும், போதும்டா சாமி என்று விட்டுவிட்டார்கள். இப்போ ரொக்கமாகக் கொடுத்தால் பில் ஐந்து சென்ட்டுக்கு ரவுண்ட் ஆகும். 1.02 என்றால் ஒரு டாலர், 1.03 என்றால் 1.05. கார்டு என்றால் மட்டும் சென்ட் பிசகாது.

அன்று ராத்திரி கடையைப் பூட்டும்போது கல்லாவின் பென்னி அறையை அப்படியே ஜாடியில் கவிழ்த்தாராம் அங்கிள். வீட்டில் ஏற்கெனவே சேர்ந்து கிடந்ததும் அதே ஜாடிக்கு. "பிறகு அந்த அறையில ரப்பர் பாண்ட் போட்டு வச்சன்."

நான் புத்திசாலி மாதிரி ஐம்பது ஐம்பதாகப் பேப்பரில் சுருட்டி வங்கிக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டர் பெண் ஒரு சுருளைப் பிரித்தார். எடுத்ததும் லிங்கன்! இன்னொன்று. அதிலும் லிங்கன்! சிரித்துக்கொண்டே மொத்தத்தையும் திருப்பித் தள்ளிவிட்டார். கனடா காசு இன்றைக்கும் செல்லும், தனியாகப் பிரித்துக் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

அப்போ அமெரிக்கக் காசு? அந்நியச் செலாவணி கவுன்ட்டரில் நோட்டு மட்டும்தான். எந்த ஊர் சில்லறையையும் தொட மாட்டார்கள்.

இரண்டு நாட்டு பென்னிக்கும் விட்டம் ஒன்றுதான், 19.05 மில்லிமீட்டர். நிறமும் அதே. ஒன்றில் லிங்கன், இன்னொன்றில் ராணி. எல்லையைத் தாண்டி வந்த லிங்கன் கனடாக் கல்லாவில் ராணியோடு கலந்துவிடுவார். "ஆரும் திருப்பிப் பாக்கேல்லை தம்பி. நானும் வாங்கினன், நானும் குடுத்தன்." சட்டப்படி செல்லாது, ஆனா செல்லும். ஒரு சென்ட்டுக்காக யார் சண்டை போடுவா? ராணி கல்லாவை விட்டுப் போனபிறகுதான் லிங்கன் வெளிநாட்டுக்காரர் என்றே எல்லோருக்கும் உறைத்தது. கூட்டம் கலைந்ததும் நடுவே தனியாக மாட்டிக்கொண்டவன் கதைதான். ராணிகளை வங்கி மூலமாக அரசாங்கம் திரும்ப வாங்கி உருக்குகிறது. லிங்கனை வாங்க ஆள் இல்லை.

மறுபடி ஜாடி. ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து வந்தார் அங்கிள். 2000-க்குப் பிறகு வந்த கனடா பென்னிகள் பெரும்பாலும் இரும்பு, மேலே செம்புப் பூச்சு. காந்தத்தில் கொத்தாக ஒட்டும். லிங்கன் ஒட்ட மாட்டார். ஆனா பழைய ராணிகளும் ஒட்ட மாட்டார்களே! அதனால் மிச்சத்தை எல்லாம் முகம் பார்த்துத்தான் பிரிக்கணும். மூணு ராத்திரி, விரல் நுனியெல்லாம் பச்சை. கணக்கு: கனடா 2,650. அதாவது 26 டாலர் 50 சென்ட், என் பங்கு பதிமூணே கால். லிங்கன் 214. அப்புறம் ஒரு பிரிட்டிஷ் பென்னி, இரண்டு யூரோ சென்ட் காசுகள், இதெல்லாம் எப்படித்தான் வந்து சேர்ந்ததோ!

அடியில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. வட்டமே இல்லை. மூலை மழுங்கின சதுரம். இலங்கை ஐந்து சதம். தூக்கி வெளிநாட்டுக் குவியலில் போட்டேன். அங்கிள் ஒன்றும் பேசாமல் அதைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, பையில் போட்டுக்கொண்டார்.

"இது வெளிநாட்டுக் காசு இல்லை தம்பி."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்க பாட்டி சுருக்குப்பையில் நாலணாக்கள் இப்பவும் கிடக்கு. 2011 ஜூன் 30-ஓட செல்லாமல் போனது. தூக்கிப் போடச் சொன்னால் திட்டு விழும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எல்லைக்குக் கிளம்பினோம். வின்னிபெக்கிலிருந்து நேர்த் தெற்கே 75-ம் நம்பர் நெடுஞ்சாலை, சுமார் 110 கிலோமீட்டர். ஒரு மேடு கிடையாது, ஒரு வளைவு கிடையாது. கூடவே ரெட் ரிவர், உறைந்து வெள்ளைப் பாயாகக் கிடக்கிறது. ஆறு அமெரிக்காவிலிருந்து வடக்கே வருகிறது, நாங்க எதிர்த்துப் போறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெம்பினா. அங்கே ஒரு முகவரிக்குப் பார்சல் வரவழைத்து எடுத்து வருவது இங்கே பலருக்கும் வழக்கம். அங்கிளுக்கும் ஒரு பார்சல் இருந்தது. இந்திய பாஸ்போர்ட்காரனை எமர்சனில் இறக்கிவிட்டு, துணிப்பையில் லிங்கன்களோடு போனார்.

இதில் ஒரு காமெடி. செம்பு, துத்தநாகம் விலை ஏறினபோது ஜனங்க காசை உருக்கி வித்துடுவாங்களோ என்று பயந்து, பயணிகள் ஐந்து டாலருக்கு மேல் பென்னி, நிக்கல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2007-ல் அமெரிக்கா விதி போட்டது. உள்ளே கொண்டுபோகத் தடையில்லை. இரண்டு டாலர் பதினாலு சென்ட்... பெரிய கடத்தல்!

ஒரு வழியாகத் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எல்லை அதிகாரி "என்ன கொண்டுவர்றீங்க?" என்று கேட்க, "214 பென்னி" என்றாராம். அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கையசைத்து விட்டிருக்கிறார். பெம்பினா பெட்ரோல் பங்க்கில் அதைவிட ராஜ மரியாதை. புதுக் காசு வருவது நின்றதால் கல்லா காலியாம். பென்னி கொண்டு வருகிறவர்களுக்குக் குளிர்பானம் தருவதாக அறிவித்த கடைகளே அமெரிக்காவில் உண்டு. பையைக் கவிழ்த்ததும் அந்தப் பெண் கைதட்டாத குறை. இரண்டு டாலர் தாள், ஒரு பத்து சென்ட் காசு கொடுத்தார். மிச்சம் நாலு சென்ட்? கணக்கு கணக்குதானே! கல்லாவிலிருந்து நாலு பென்னி எண்ணித் திருப்பித் தந்துவிட்டார்.

கார் கிளம்பினதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார் அங்கிள். மூணு லிங்கன். நாலாவது ராணி. திருப்பினால் மேப்பிள் இலை, 1979. சொந்த நாட்டில் எந்தக் கல்லாவிலும் இடமில்லாத காசு, பக்கத்து நாட்டுக் கல்லாவில் யாரும் பார்க்காமல் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

"இதை எங்க வைக்கிறது அங்கிள்?"

சட்டைப்பையிலிருந்து அந்தச் சதுரக் காசை எடுத்தார். இரண்டையும் ஸ்டியரிங்குக்கு முன்னாடி, கண்ணாடியோரம் வைத்தார். வின்னிபெக் வரும்வரை இரண்டும் கிலுகிலு என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. பாட்டு போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.