உரசினால் இறுகும் உலோகம்

கலைப்பீட மாணவன் ஒருவன் உருக்கைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு நகைப்பை விளைவிக்கலாம். எனினும், விடுமுறைதோறும் நோர்வூட்டில் மாமாவின் லேத் பட்டறையில் எண்ணெய்த் துணியுடன் நிற்பவன் நான். பேராதனையில் கற்றவற்றுட் பல மறந்துபோயின. அப்பட்டறையில் ஒருநாள் செய்த பிழை மட்டும் மறக்கவில்லை.

அங்கு வரும் வேலையிற் பெரும்பகுதி தேயிலைத் தொழிற்சாலைகளுடையது. பச்சைக் கொழுந்தின் சாறு படுமிடத்திற் சாதாரண இரும்பு ஆகாது. கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி சேர்த்து முன்னோர் மை காய்ச்சினர் அல்லவா? கொழுந்தின் துவர்ப்பும் இரும்பைக் கண்டால் அவ்வாறே கறுக்கும். ஆகவேதான் துருப்பிடிக்காத உருக்கு, நம்மவர் வாய்மொழியில் 'சில்வர்', அங்கு வேண்டப்படுகிறது.

ஆனால் சில்வர் என்பது ஓர் இனமன்று. 1913இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி உருக்கியது ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்தது. காந்தம் அதனைப் பற்றும். காய்ச்சிக் குளிர்வித்தாற் கத்திக்குரிய கடினம் பெறும். இன்றைய 420 அதன் வழிவந்தது. நாம் அதிகம் காணும் 304இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. காந்தத்திற்கு அது மசியாது. கந்தகம் சிறிது சேர்ந்த 303 அதன் உடன்பிறப்பு. சீவல் துண்டுதுண்டாய் உதிர்வதால் கடைவோனுக்கு இன்பம். ஆயினும், அதே கந்தகம் துரு நுழையவும் வழிவிடுகிறது. மொலிப்தினம் கலந்த 316 எங்கள் பட்டறைக்கு அருமையாகவே வரும்.

அன்று மாலை ஒரு தோட்டத்து ரோலரின் முளையாணி முறிந்து வந்தது. மாமா ஹற்றனுக்குச் சென்றிருந்தார். புதிய ஆணிக்கு 304 கம்பித் துண்டு ஒன்றே எஞ்சியிருந்தது. கடைந்து முடித்தபின் குறுக்கே துளையிட வேண்டும். கம்பி கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில், துளைப்பானை விரைவாகச் சுழலவிட்டு, அழுத்தாமல் தொட்டுத்தொட்டு எடுத்தேன். சாதாரண இரும்பு இந்தப் பணிவைப் பொறுத்துக்கொள்ளும். 304ஓ வெட்டாமல் உரசும் கருவியின் கீழ் இறுகும் இயல்பினது. வெப்பத்தையும் அது சாதாரண உருக்கின் மூன்றிலொரு பங்களவே கடத்துவதால், சூடு கருவியின் நுனியிலேயே தங்கிவிடும். கீச்சென்று ஓர் ஒலி. நுனி நீலம் பாரித்து மழுங்கியது. குழியின் அடி கண்ணாடிபோல் மின்னியது. வேறொரு துளைப்பானை மாட்டினேன், அதுவும் வழுக்கியது.

இரவு திரும்பிய மாமா திட்டவில்லை. "மாப்பிள, இதப் பயந்து பயந்து தொடக்கூடாது. வெட்டுனா வெட்டு, இல்லாட்டிக் கைய எடு" என்றார். கம்பியைப் புரட்டி, சுழற்சியைக் குறைத்து, எண்ணெய் வார்த்து, மறுபுறத்திலிருந்து ஒரே சீரான அழுத்தத்தில் இறக்கினார். சுருள் நீண்டு வந்தது. நான் இறுக்கிவைத்த அடித்தகடு இறுதியிற் பெயர்ந்து விழுந்தது.

ஆணி தொழிற்சாலையை அடைய நள்ளிரவு கடந்துவிட்டது. அந்த ரோலர் நின்றதாற் தேங்கிய கொழுந்து அளவுக்கு மீறி வாடி, மட்டத் தூளாகப் போயிற்று என மறுநாள் கேள்விப்பட்டேன். அத்தோட்டத்திற்றான் என் அம்மா கொழுந்தெடுக்கிறார். முதல்நாள் மழையில் நனைந்து பறித்த கூடையைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.