ஆகாயத்தாமரைக்குள் விரால் – முதலில் நரம்பு, பிறகுதான் ராடு

கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் வடக்கனந்தல் பக்கம் கோமுகி அணை நிரம்பும். 46 அடி தண்ணீர் பிடிக்கும் அணை அது. அங்கிருந்து வாய்க்கால் வழியே ஏரிகளுக்குத் தண்ணீர் போகும். ஏரியில் தண்ணீர் நின்றால் கூடவே ஆகாயத்தாமரையும் அல்லியும் கோரையும் வந்துவிடும். விவசாயிகளுக்கு அது தலைவலி. தூண்டில்காரர்களுக்கோ அங்கேதான் விரால்!

அப்பா, தாத்தா காலத்துத் தூண்டில் எளிமையானது. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, ஒரு தக்கை, முள், மண்புழு. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் அது போதும். விராலுக்கு என்றால் உயிருள்ள தவளைக் குட்டியை முள்ளில் கோத்துப் போடுவார்கள். இப்போது கல்லூரிப் பையன்கள் ராடு, ரீல், ரப்பர் தவளை என்று கிளம்பிவிட்டார்கள். நல்ல விஷயம்தான், குறைந்தபட்சம் தவளைகளுக்கு. (ஒரு காலத்தில் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்தது. வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துகொண்டே போனதால் 1987-ல் அதை நிறுத்தினார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

பிரச்சினை எங்கே என்றால், இந்தப் பையன்கள் கடையில் பணத்தைச் செலவழிக்கும் வரிசையில். முதலில் பளபளக்கும் ராடு. அடுத்து அதைவிடப் பளபளக்கும் ரீல். கடைசியில் பையில் மிச்சமிருக்கும் சில்லறைக்குக் கிடைக்கிற ஏதோ ஒரு நரம்பு. வணிகவியல் பாஷையில் சொன்னால், கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு நடைமுறை மூலதனத்துக்குக் கையேந்தும் கம்பெனி மாதிரி. பாசிக்குள் மீன் பிடிப்பதற்கு இது தலைகீழ் வரிசை.

ஏன் தலைகீழ் என்பதற்கு விராலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விரால் செவுளால் மட்டும் மூச்சு விடும் மீன் அல்ல. தலைக்குள் காற்றை நேரடியாக உறிஞ்சும் உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. அடிக்கடி மேலே வந்து 'களக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதனால்தான் பாசி மூடி, ஆக்ஸிஜன் குறைந்து, மற்ற மீன்கள் திணறும் தண்ணீரிலும் அது சொகுசாக இருக்கிறது. ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கவும் செய்யும். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மேலே வர முடியாதபடி தண்ணீருக்குள் பிடித்து வைத்தால் விரால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று சிரிக்க வேண்டாம், விரால் சாகும்.

இப்போது நரம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாயில் தவளையோடு, பத்தடி நரம்பை இழுத்துக்கொண்டு விரால் ஆகாயத்தாமரை வேருக்குள் போகிறது. நரம்பு நாலு தண்டைச் சுற்றிக்கொள்கிறது. அதற்குமேல் அதனால் காற்று வாங்க மேலே வர முடியாது. கரையில் நிற்பவனுக்கு நஷ்டம் ஒரு ரப்பர் தவளை. மீனுக்கு? "பெரிய மீனு மச்சி, அத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லப்படும் கதைகளில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கும். அந்த மீன் யாருடைய குழம்புக்கும் போவதில்லை.

இந்தத் தவளை விளையாட்டு வட அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் மிகவும் பிரபலம். இங்கே பாஸுக்குப் பதில் விரால், அவ்வளவுதான் வித்தியாசம். தவளையின் உடல் உள்ளே வெற்றிடமான மென்மையான ரப்பர். இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருக்கும். அதனால் இலைமேல் இழுத்தால் எதிலும் மாட்டாது. மீன் கடித்ததும் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். விராலின் வாயோ எலும்பும் பல்லுமாகக் கெட்டியானது. அதில் முள் ஏற வேண்டுமென்றால் கை கொடுக்கும் இழுப்பு அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நைலான் நரம்பு காலை வாருவது இங்கேதான். நைலான் இழுபடும். அறுபடும் தறுவாயில் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட நீளும். இருபது மீட்டர் தள்ளி மீன் கடிக்கிறது, இவன் ஓங்கி இழுக்கிறான், பாதி இழுப்பை நரம்பே தின்றுவிடுகிறது. முள் அரைகுறையாக ஏறுகிறது. விராலுக்கு இரண்டு விநாடி கிடைத்தால் போதும், அது வேருக்குள் இருக்கும்.

பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் அப்படி நீளாது. மெல்லிய பாலிஎத்திலின் இழைகளைப் பின்னிச் செய்தது. எடை தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் மிதக்கும். மேல்மட்டத்தில் ஓடும் தவளைக்கு அது முக்கியம். கடைக்காரர் ஃப்ளூரோகார்பன் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லி விற்கப் பார்ப்பார். அது மூழ்கும், தவளையின் மூக்கையும் சேர்த்துக் கீழே இழுக்கும். பாசி அடைத்த இடத்தில் மீன் நரம்பைப் பார்க்க வாய்ப்பே இல்லை, பிறகு கண்ணுக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

எத்தனை பவுண்டு? 50 என்பது நல்ல கணக்கு. அதாவது 22 கிலோவுக்கு மேல் தாங்கும். ஒரு கிலோ விராலுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பது நியாயம்தான். வருவது மீன் மட்டும் அல்லவே, அதைச் சுற்றிய தாமரைத் தண்டும் வேரும் ஈரத்தோடு சேர்ந்தே வரும். போதாததற்கு முடிச்சுப் போடும் இடத்தில் எந்த நரம்பும் பலத்தில் கொஞ்சம் இழக்கும், தண்டில் உரசி இன்னும் கொஞ்சம் இழக்கும். 50 பவுண்டு பின்னல் நூலின் கனம் ஏறத்தாழ 12 பவுண்டு நைலான் கனம்தான். ரீலில் இடம் அடைக்காது. மெல்லிய தண்டாக இருந்தால் இழுக்கும்போது அதுவே அறுத்துக்கொண்டும் வரும்.

பின்னல் நூலுக்குக் குணக்கேடும் உண்டு. வழவழப்பு அதிகம். ரீலின் உருளையில் நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், அடியில் நாலு சுற்று நைலான் சுற்றிவிட்டு மேலே இதைச் சுற்ற வேண்டும். சாதாரண முடிச்சும் வழுக்கும். நூலை இரட்டையாக மடித்து வளையத்தில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, மிஞ்சும் கண்ணிக்குள் தவளையையே நுழைத்து, எச்சில் தடவி இறுக்கும் பாலமர் முடிச்சு இதற்கு நன்றாக நிற்கும். தவளை எதிலாவது சிக்கிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, ராடை வளைக்காமல் நேராக இழுக்க வேண்டும்.

நைலானுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமல்ல. பாசியில்லாத திறந்த தண்ணீரில் கெண்டைக்கு உட்காருபவருக்கு அந்த நெகிழ்வு உதவி. மெல்லிய உதடு கிழியாது. தாத்தாவின் தங்கூஸ் அவர் இடத்தில் சரியாகத்தான் இருந்தது.

நரம்பு முடிவானால் ராடு கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். 50 பவுண்டு நூலைத் தாங்க வேண்டும், மீனையும் பாசியையும் சேர்த்து இழுக்க வேண்டும், அதே சமயம் பத்துப் பதினைந்து கிராம் தவளையைத் தூரமாக வீசவும் வேண்டும். கடைசி விஷயத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். உலக்கை மாதிரி ராடு வாங்கினால் சின்னத் தவளை பத்தடி தாண்டாது. ஏழடி நீளம், 'மீடியம் ஹெவி' பலம், நுனி மட்டும் வளைந்து கீழ்ப்பாதி விறைப்பாக நிற்கும் 'ஃபாஸ்ட்' வகை, இந்தச் சேர்க்கை பொருந்தும். எத்தனை கிராம் வீசலாம் என்பது பெரும்பாலும் கைப்பிடிக்கு மேலேயே அச்சடித்திருக்கும். விலைச்சீட்டுக்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும்.

இழுத்தால் குடை மாதிரி நீளும் ராடுகள் பஸ்ஸில் கொண்டுபோக வசதி. கச்சிராயபாளையம் பஸ் கூட்டத்தில் ஏழடிக் கம்போடு ஏறியவருக்கு அதன் அருமை தெரியும் :) ஆனால் பாசிக்குள்ளிருந்து ஓங்கி இழுக்கும் வேலைக்கு அத்தனை இணைப்புகள் ஆகாது. இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு நடுவழி. வாங்கும்போது நூல் ஓடும் வளையங்களுக்குள் பீங்கான் பதித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மட்டமான வளையத்தில் பின்னல் நூல் நாளடைவில் கோடு போடும். அந்தக் கோடு திரும்ப நூலையே அறுக்கும்.

ரீலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறுதியான சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். பெய்ட்காஸ்டர் ரீல் பழகியவர் கையில் அருமை, பழகாதவர் கையில் குருவிக்கூடு.

ராடு பற்றி இன்னொன்று. கார்பன் கலந்த ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையோரம் பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தாழ்வாகத் தொங்குகின்றன. ஏழடி ராடைத் தலைக்குமேல் சுழற்றுவதற்குமுன் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

எவ்வளவு நல்ல நூல் இருந்தாலும் போடக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீரின் மேல்மட்டத்தில் சிவப்பாக, கொதிப்பது போலக் குஞ்சுக் கூட்டம் தெரியும். அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அங்கே தவளை விழுந்தால் கடி நிச்சயம். பசியினால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் குறவைக்கும் கொக்குக்கும்தான். "சுலபமா மாட்டும்" என்று தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஏரியில் விராலே இல்லை என்று புலம்புவதும் அவர்களே. அந்த ஏரியை மீன்பாசி ஏலத்தில் எடுத்த குத்தகைதாரர் இருந்தால், அவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவதும் சரியல்ல.

நாலைந்து மீன் பிடித்ததும் நூலின் முனைப்பகுதி பஞ்சு பஞ்சாகிவிடும். விரலால் உருவினாலே தெரியும். அதற்குமேல் அதை நம்பாமல் இரண்டு மீட்டரை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போட வேண்டும். வெட்டிய துண்டு சட்டைப்பைக்குள் போக வேண்டும், கரையில் அல்ல. கோடையில் அதே ஏரி வற்றித் தரையாகும்போது மாடும் ஆடும் அங்கேதான் மேயும்.