ஆமி வந்த பனிக்காலம்

ரொறன்ரோ மாநகரத்துக்கு ஒரு பழைய பகடி உண்டு. பெரும் பனிப்புயலொன்று நெருங்குகிறது என்ற எச்சரிக்கை வந்த மறுகணமே, "இராணுவத்தை எப்போது கூப்பிடப் போகிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் மொன்றியலிலோ வினிப்பெக்கிலோ வாழ்பவரானால் ஏளனம் சற்றுத் தூக்கலாக இருக்கும். 1999 ஜனவரியில் பனியை அள்ளுவதற்காக இந்நகரத்தின் மேயர் இராணுவத்தை வரவழைத்ததிலிருந்து பிறந்த பகடி அது. கால் நூற்றாண்டு கடந்தும் அதற்கு வயதாகவில்லை.

அந்தப் பகடிக்கு நாங்களும் சிரித்திருக்கிறோம். நாங்கள் என்பது அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவர். 1999இல் எங்களுக்கு முறையே 15 வயதும் 12 வயதும். சிரித்தது மட்டுமல்ல, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைத் திருமண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் நகைச்சுவைக் கதையாகவே நெடுங்காலம் சொல்லி வந்தோம். அதைத்தான் இங்கே வேறுவிதமாகச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் அந்தப் பனியைப் பற்றி. ரொறன்ரோ, வெளியிலிருப்போர் நினைப்பது போலக் கொடும்பனி நகரமல்ல. பக்கத்திலிருக்கும் ஒன்ராறியோ ஏரி மிக ஆழமானது. குளிர்காலத்தில் முழுவதுமாக உறைவதில்லை. அந்த நீர்ப்பரப்பு நகரத்தின் குளிரைச் சற்றுத் தணிக்கிறது. ஒரு சாதாரண ஆண்டில் இங்கே விழும் பனி ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர். அதுவும் ஒருமிக்க விழாது. விழும், சில நாட்களில் இளகும், சேறாகும், மீண்டும் விழும். 1999இல் இந்த ஒழுங்கு குலைந்தது. ஜனவரி 2ஆம் திகதி தொடங்கிய முதற்புயலின் பின் ஒன்றன்மேல் ஒன்றாகப் புயல்கள் வந்தன. இடையில் பனி இளகவேயில்லை. இரண்டு வாரங்களுக்குள் 118 சென்ரிமீற்றருக்கு மேல் பொழிந்தது. ஓராண்டுக்குரிய பனி அரை மாதத்தில் விழுந்து தீர்ந்தது. நிலத்தில் தேங்கிக் கிடந்த பனியின் உயரம் 65 சென்ரிமீற்றரை எட்டியது. வழிக்கும் வாகனங்கள் தெருவோரம் ஒதுக்கிய பனியைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமற் போயிற்று. சுரங்க ரயிலின் திறந்தவெளிப் பகுதிகள் முடங்கின. தீயணைப்புக் குழாய்கள் பனிக்குள் புதைந்தன.

மேலும் ஒரு புயல் வருகிறது என்ற முன்னறிவிப்பின் மத்தியில், மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தின் உதவியைக் கோரினார். அம்புலன்ஸ் வண்டிகள் நோயாளரை அடைய முடியாமற் போகும் என்பதே அவருடைய அச்சம். ஏறத்தாழ 400 இராணுவத்தினர் கவச வாகனங்களோடும் மண்வெட்டிகளோடும் நகரத்துக்கு வந்தார்கள். பிரின்ஸ் எட்வேர்ட் தீவிலிருந்து பனியகற்றும் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1998 ஜனவரியில், மொன்றியலையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பனிமழை வாரக்கணக்கில் இருளில் ஆழ்த்தியிருந்தது; 15,000க்கு மேற்பட்ட படையினர் அங்கே உதவிக்குச் சென்றிருந்தனர். அந்தத் துயரத்தோடு ஒப்பிட்டபோது ரொறன்ரோவின் முறைப்பாடு நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு வேடிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. லாஸ்ட்மன் 2021இல் காலமான வேளையிலும் பத்திரிகைகள் இந்தக் கதையை நினைவுகூரத் தவறவில்லை.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாம் தளத்தில் வாழ்ந்தோம். அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பனியைப் பனி என்று சொல்ல அவர் மறுத்தார். "பனியெண்டால் மார்கழி விடிய வேலியிலை நிக்கிறது. இது உப்பு" என்பார். ஆனையிறவு உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புக் கும்பிகளை அவர் கண்டிருந்தார். தெருவோரத்துப் பனிக்குவியல்கள் அவருக்கு அவைதாம். பனி இளகுவதற்காக மாநகர வண்டிகள் வீதியில் உப்புத் தூவிக்கொண்டு போனபோது, "உப்புக்கு மேலை உப்புப் போடுறாங்கள், விசரங்கள்" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறோம்.

இராணுவம் வந்த அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாலைப் பொழுதில் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திரையில் பச்சைச் சீருடைகளும் கவச வாகனமும் தெரிந்தன. சாய்மனைக் கதிரையில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"பிள்ளை, இஞ்சையும் ஆமி வந்திட்டுதோ?"

அம்மா சமையலறையிலிருந்து விளக்கம் சொன்னார். பனி அள்ள வந்தவர்கள், கையில் இருப்பது மண்வெட்டி, துவக்கு அல்ல என்றார். அம்மம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் மின்விளக்குகளை அணைத்தார். தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். யன்னல் திரைகளை இழுத்து மூடினார். வாசற்கதவின் உட்பக்கச் சங்கிலியை மாட்டிவிட்டு, அதற்கு எதிரே நிலத்தில் அமர்ந்துகொண்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மின்சாரம் தடைப்படாத நகரத்தில், மின்சாரம் இருந்த வீட்டில், நாங்கள் நால்வரும் இருட்டில் இருந்தோம்.

அப்பா வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து வழக்கமாக ஒரு ரயிலும் ஒரு பேருந்தும் எடுத்து வருவார். அன்று பேருந்து வரவில்லை. இடுப்பளவு குவிந்த பனிக்கிடையே இரண்டரை மணி நேரம் நடந்து வந்தார். கட்டடத்தின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சமில்லை. பயந்துபோய் மேலே ஓடி வந்து திறப்பைப் போட்டுத் திருப்பியிருக்கிறார். சங்கிலி தடுத்தது. கதவு இரண்டு அங்குலம் திறந்து நின்றது. அந்த இடைவெளியைக் கண்டதும் அம்மம்மா எழுந்து தன் முழுப் பலத்தோடும் கதவைத் தள்ளிச் சாத்தினார். அப்பா கதவில் தட்டினார். கையுறை அணிந்த கையின் கனத்த ஓசை அது.

"ஆரது?"

"மாமி, நான்தான். கதவைத் திறவுங்கோ."

குளிரில் குரல் கம்மியிருந்தது. கழுத்துத்துணி வாயை மூடியிருந்தது. அம்மம்மா இரு கைகளையும் அகல விரித்துக் கதவோடு ஒட்டி நின்றார். அம்மா அருகே போனபோது, "திறக்காதை பிள்ளை. இந்தமுறை நான் திறக்க விடன்" என்றார். பத்து நிமிடங்களாவது சென்றிருக்கும். அப்பா தன் ஊரையும், தன் தகப்பன் பெயரையும், மாமியின் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பு மாமரத்தையும் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. மாமரத்தைச் சொன்ன பிறகே சங்கிலி கழன்றது. உள்ளே வந்த அப்பாவின் தாடியிலும் புருவத்திலும் பனி உறைந்திருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதுதான் நாங்கள் சொல்லிவந்த கதை. கறுத்தக்கொழும்பு மாமரம் வரும் இடத்தில் கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

இக்கதையில் எங்கள் இருவருக்கும் ஓயாத வழக்கொன்று இருந்தது. ஒருவருக்கு, கவச வாகனம் எங்கள் தெருவிலேயே வந்து நின்றதும், படையினர் பேருந்துத் தரிப்பிடத்தைத் துப்புரவு செய்ததும், அம்மம்மா அதை யன்னலால் கண்டதும் துல்லியமாக நினைவிருக்கிறது. மற்றவர், எல்லாம் தொலைக்காட்சியில் கண்டவைதாம், எங்கள் தெருவுக்கு எவரும் வரவில்லை என்று சத்தியம் செய்வார். வழக்கைத் தீர்ப்பதற்காகவே பழைய வானிலைப் பதிவேடுகளைத் தேடத் தொடங்கினோம். கனடிய அரசு தன் காலநிலைத் தரவுகளை இணையத்தில் எவரும் பார்க்கத்தக்கதாக வைத்திருக்கிறது. நாள்வாரியாக வெப்பநிலை, மழை, பனிப்பொழிவு, நிலத்திலுள்ள பனியின் உயரம் என்று பத்தி பத்தியாக இலக்கங்கள்.

தேடியது கிடைக்கவில்லை, தேடாதவை பல கிடைத்தன. ரொறன்ரோவின் தொடர்ச்சியான வானிலைப் பதிவுகள் 1840 அளவில் தொடங்குகின்றன. தொடங்கி வைத்தவர்களும் இராணுவத்தினரே என்பதை அறிந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பூமியின் காந்தப்புலத்தை அளப்பதற்காகப் பிரித்தானியப் பேரரசு உலகெங்கும் ஆய்வுநிலையங்களை நிறுவிய காலம் அது. ரொறன்ரோவுக்கு அரச பீரங்கிப் படையின் அதிகாரிகள் வந்தார்கள். அதே முயற்சியின் கீழ்ச் சென்னையிலும் ஒரு நிலையம் இயங்கியது. காந்த ஊசியோடு வெப்பமானியையும் அவர்கள் பார்த்தார்கள். 1859 ஜனவரி 10 அன்று இங்கே பதிவான குளிர் சுழியத்துக்குக் கீழே 32.8 பாகை செல்சியஸ். 1850களில் கட்டப்பட்ட அந்த ஆய்வுநிலையத்தின் கற்கட்டடம், சற்று இடம் மாற்றப்பட்டு, பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

பின்னர் 1944. டிசம்பர் 11 அன்று தொடங்கிய புயலில் 57 சென்ரிமீற்றர் பனி விழுந்தது. அதில் 48 அந்த ஒரே நாளில். குவீன் வீதியில் டிராம் வண்டியொன்று கவிழ்ந்து ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். பாலும் எரிபொருளும் வீடுகளுக்கு வரவில்லை. இறுதிச் சடங்குகள் ஒத்திவைக்கப்பட்டன. பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த பெண்கள் மருத்துவமனைக்கு நடந்து சென்றனர். போருக்கு வெடிபொருள் செய்த தொழிற்சாலைகள்கூடத் தற்காலிகமாக மூடப்பட்டன. அந்தப் புயலில் இறந்தவர்கள் 21 பேர். அவர்களுள் 13 பேர் பனியோடு மல்லுக்கட்டிய களைப்பினால் மாண்டவர்கள். பனி அள்ளுவது வேடிக்கையான வேலையல்ல என்பதை அந்த 13 என்ற எண் எங்களுக்குச் சொன்னது. லாஸ்ட்மன் மீதும் சற்று இரக்கம் பிறந்தது.

பனியை அளக்கும் முறையும் அப்போதுதான் தெரியவந்தது. காற்று வாரிக் குவிக்காத திறந்த வெளியில் வெள்ளைப் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் விழுந்ததை அளவுகோலால் அளக்கிறார்கள். பிறகு பலகையைத் துடைத்து மீண்டும் வைக்கிறார்கள். நிலத்தில் தேங்கிய பனியைப் பல இடங்களில் அளந்து சராசரி காண்கிறார்கள். அளக்கும் இடம் மாறினால் இலக்கமும் மாறும். 2022 ஜனவரி 17 அன்று வந்த புயலில் விமான நிலையத்தில் 36 சென்ரிமீற்றர் பதிவாயிற்று. நகரத்தின் வேறு சில பகுதிகளில் 50ஐத் தாண்டியது. எங்கள் தெருவை எவரும் அளந்ததில்லை. எனவே எங்கள் வழக்கு தீராமலே கிடந்தது.

அந்த 2022 புயலன்றுதான் அது தீர்ந்தது. நாங்கள் எதிர்பார்த்த விதமாக அல்ல. பாடசாலைகள் மூடியிருந்தன. எங்கள் பிள்ளைகள் அம்மாவோடு இருந்தார்கள். அம்மம்மா மறைந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கம்போலப் பழைய கதையைச் சொன்னோம்; மாமரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிறியவள் மட்டும் சிரிக்காமல், "ஏன் 'இந்தமுறை' எண்டு சொன்னவா?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சொல்லை நாங்கள் எத்தனையோ தடவை உச்சரித்திருக்கிறோம். ஒருமுறையாவது கேட்டதில்லை.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். அவருடைய தம்பியை 1984இல் ஒரு விடிகாலைச் சுற்றிவளைப்பில் இராணுவம் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய படத்துக்கு மாலை போட அம்மம்மா இறுதிவரை சம்மதிக்கவில்லை என்பதும் தெரியும். அன்று கதவைத் தட்டியபோது வீட்டில் எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்களாம். மாமா பின்வளவால் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாராம். தட்டுவது அயல்வீட்டுக்காரர் என்று எண்ணிக் கதவைத் திறந்தது அம்மம்மாதான்.

யன்னலா, தொலைக்காட்சியா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தோம். அதன்பின் கேட்கவில்லை.

இப்போதும் புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தப் பகடியை யாராவது சொல்கிறார்கள். சொல்பவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர்களுடைய நகரத்துக்கு இராணுவம் வந்தது மண்வெட்டியோடு மட்டுமே. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அவர்கள் அம்மம்மாவின் கதையைக் கேட்கும்போது, அப்பாவின் தாடியில் உறைந்த பனியிலிருந்து நாங்கள் தொடங்குவதில்லை. 1984ஆம் ஆண்டின் அந்த விடிகாலையிலிருந்து தொடங்குகிறோம்.