எக்ஸிட் பக்கத்து சீட்... அம்மாவை ஏன் எழுப்பினார்கள்?

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் காலை நேர விமானம் அது. 64 வயது அம்மாவும் மகனும் ஏறி உட்கார்ந்தார்கள். டெல்லியில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அவரே கிளறிய பிரசவ லேகியம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரே இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தால், எழும்போது உயிர் போகும். அதனால்தான் மகன் கூடுதலாகப் பணம் கட்டி, இறக்கைக்கு மேலே இருக்கும் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் சீட் எடுத்திருந்தான். அங்கே முன் சீட்டுக்கும் நமக்கும் நடுவே இடைவெளி அதிகம். அம்மா காலை நீட்டிப் பார்த்து, "நம்ம வீட்டு ஈஸிசேர் மாதிரி இருக்குடா" என்று சிரித்தார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விமானப் பணிப்பெண் வந்து குனிந்து, "அம்மா, உங்களுக்கு முழங்கால்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டார். சேலைக்குக் கீழே நீ-கேப் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பெருமையாகவே, "ஆமாம்மா, அதுக்குத்தான் பையன் இந்த சீட்டை எடுத்தான்" என்றார்.

"ஸாரிம்மா. ஏதாவது அவசரம்னா இந்தக் கதவை இங்கே உட்கார்றவங்கதான் தூக்கித் திறக்கணும். உங்களால முடியாது. வேற சீட் தர்றேன்."

இருவரும் ஏழு வரிசை பின்னால் போனார்கள். அந்த எக்ஸிட் வரிசைக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். புது சீட்டில் முன் சீட்டின் முதுகு அம்மாவின் முழங்காலைத் தொட்டது. மடியிலிருந்த பையையும் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். ஜன்னல் மூடியையும் திறக்கச் சொன்னார்கள். டெல்லி வரும் வரை அம்மா பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நாலு பேர் பார்க்க எழுப்பிட்டாங்களே" என்றார்.

மகனுக்குக் கோபம் அடங்கவில்லை. அன்றிரவு விமான நிறுவனத்துக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுத உட்கார்ந்தான். எந்த விதியின்படி எழுப்பினார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதலாமே என்று போனில் தேடினான். அந்தத் தேடல் அவனை 1985-ம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

மான்செஸ்டரில் ஒரு காலை

1985 ஆகஸ்ட் 22. மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்கு 131 பயணிகள், 6 ஊழியர்களோடு பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737 விமானம் கிளம்பியது. பலர் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்கள். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே இடதுபக்க இன்ஜினில் ஒரு பாகம் வெடித்துச் சிதறி, இறக்கையிலிருந்த எரிபொருள் டேங்கைத் துளைத்தது. டயர் வெடித்திருக்கும் என்று நினைத்த விமானிகள் உடனே பிரேக் போட்டு விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

விமானம் பறக்கவேயில்லை. எதிலும் மோதவும் இல்லை. தீயணைப்பு வண்டிகளும் அதே விமான நிலையத்தில்தான் இருந்தன. ஆனாலும் 55 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது தீயல்ல, கேபினுக்குள் பரவிய நச்சுப் புகை.

தரையில் நின்றுகொண்டிருந்த விமானத்திலிருந்து ஏன் இறங்க முடியவில்லை? விசாரணை அறிக்கையில் கிடைத்த பதில்களில் பல, கேபினின் அமைப்பைப் பற்றியவை.

முன்பக்கக் கதவுக்குப் போகும் வழியில் இரண்டு தடுப்புகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே இடைவெளி வெறும் 57 சென்டிமீட்டர். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவந்தபோது அந்த இடுக்கில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். விமானப் பணிப்பெண் ஒருவரைப் பிடித்து இழுத்த பிறகுதான் அடைப்பு நீங்கியது.

அடுத்தது, வலது இறக்கைக்கு மேலே இருந்த எக்ஸிட். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பயணி, கதவோடு சேர்ந்திருந்த கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அது கதவைத் திறக்கும் பிடி அல்ல, கை வைத்துக்கொள்ளும் ஆர்ம்ரெஸ்ட். பக்கத்து சீட்காரர் எழுந்து சரியான பிடியை இழுத்ததும், சுமார் 22 கிலோ எடையுள்ள அந்தக் கதவு உள்பக்கமாகச் சரிந்து, உட்கார்ந்திருந்த பெண்ணின் மேலேயே விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் அதைத் தூக்கி நகர்த்தி வழி உண்டாக்கினார்கள். அதற்குள் விமானம் நின்று முக்கால் நிமிடம் ஓடிவிட்டது.

முக்கால் நிமிடம் என்பது நமக்குப் பெரிய நேரமில்லை. ஆனால், பின்வரிசைகளில் இருந்தவர்களை அதற்குள்ளேயே புகை சூழ்ந்துவிட்டது.

மகன் இந்த இடத்தில் போனைக் கீழே வைத்தான். 22 கிலோ. கதவு மடியில் விழுந்த அந்தப் பெண்ணின் இடத்தில், முழங்கால் தேய்ந்த அம்மாவை அவன் நினைத்துப் பார்த்தான்.

ஐந்து பவுண்டு பரிசு

விபத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானத் துறையினருக்கு ஒரு குழப்பம். பயணிகளை 90 விநாடிக்குள் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான மாடலுக்கு அனுமதி கிடைக்கும். 44 சீட்டுக்கு மேல் உள்ள விமானங்களுக்கு அமெரிக்கா 1967-லிருந்து வைத்திருக்கும் விதி இது. பாதி எக்ஸிட்களை அடைத்துவிட்டு, இருட்டில், தரையில் பைகளையும் போர்வைகளையும் இறைத்துவிட்டு இந்தச் சோதனையை நடத்துவார்கள். அப்படிப் பாஸான விமானத்தில் நிஜத் தீயின்போது மட்டும் ஏன் நெரிசல் வந்தது?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் இன்ஜினீயர் அல்ல, ஹெலன் மியூர் என்ற உளவியல் ஆய்வாளர். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பதில் மிக எளிமையானது. சோதனைக்கு வருகிறவர்களுக்கு உயிர்ப் பயம் கிடையாது. அதனால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். தீ பிடித்தால் யார் வரிசையில் நிற்பார்கள்?

உயிர்ப் பயத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியாது. எனவே, மியூர் பணத்தை வைத்தார். கிரான்ஃபீல்டு விமானத் தளத்தில் நின்ற ஒரு பழைய டிரைடன்ட் விமானத்தில் ஆட்களை உட்காரவைத்து, 'முதலில் வெளியேறும் பாதிப் பேருக்குத் தலா 5 பவுண்டு கூடுதல்' என்று அறிவித்தார். அவ்வளவுதான். சீட் மேல் ஏறினார்கள், ஒருவரையொருவர் தள்ளினார்கள், வாசலில் சிக்கினார்கள். யாருக்காவது அடிபட்டுவிடும் என்று சில சோதனைகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஐந்து பவுண்டுக்கே இப்படியென்றால், உயிருக்கு எப்படி இருக்கும்?

அந்த நெரிசலை அளந்து பார்த்து, எவ்வளவு இடம் விட்டால் மனிதர்கள் சிக்காமல் ஓடுவார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். தடுப்புகளுக்கு நடுவே 30 அங்குலமாவது, அதாவது 76 சென்டிமீட்டராவது வேண்டும். இறக்கைமேல் எக்ஸிட்டுக்குப் போகும் வரிசையில் இடைவெளியைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கதவை ஒட்டிய சீட்டையே எடுத்துவிட வேண்டும். சில விமானங்களில் எக்ஸிட் பக்கத்தில் ஜன்னல் சீட் ஒன்று காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கதவுக்குப் போகும் வழிக்காக விட்ட இடம்.

கால் நீட்ட வசதியாக இருக்கிறது என்று கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, எக்ஸிட் வரிசை இடைவெளி... அதுவும் கால் நீட்டுவதற்காக விட்ட இடம் அல்ல. மற்ற பயணிகள் உயிர் பிழைக்க ஓடும் பாதை. அம்மா உட்கார்ந்தது அந்தப் பாதையின் வாசலில்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

கேபினை வடிவமைக்கிறவர்கள் முதலில் யோசிப்பது கலரையும் கார்பெட்டையும் அல்ல. சீட்டின் குஷன் ஏன் நம் வீட்டு சோஃபா மாதிரி மெத்தென்று இல்லை? குஷனுக்கும் உறைக்கும் நடுவே தீயைத் தாமதப்படுத்தும் ஓர் அடுக்கு இருக்கும். இரண்டு நிமிடம் பர்னர் தீயில் காட்டினாலும் சீட்டின் எடை 10 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது சோதனை. சீட்டை இன்னும் ஒல்லியாகச் செய்யலாமே என்றால், புவியீர்ப்பு விசையைப் போல 16 மடங்கு விசையில் இழுத்தாலும் அது உட்கார்ந்தவரோடு தாக்குப்பிடிக்க வேண்டும்.

நடைபாதையின் ஓரத்தில் ஒளிரும் கோடுகளுக்கும் ஒரு கதை உண்டு. 1983-ல் ஏர் கனடா விமானம் ஒன்று புகையோடு சின்சினாட்டியில் தரையிறங்கியது. உள்ளே இருந்த 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. புகை மேலே திரளும்போது கூரை விளக்கு மறைந்துவிடும். குனிந்து, தவழ்ந்து போகிறவர் கண்ணுக்கு வழி தெரிய வேண்டும் என்றுதான் தரைக்கு விளக்கு வந்தது.

ஜன்னல் மூடியைத் திறக்கச் சொல்வது, எந்தப் பக்கம் தீ என்று உள்ளிருப்பவர்கள் பார்ப்பதற்கு. இரவில் தரையிறங்கும்போது விளக்கைக் குறைப்பது, கண் இருட்டுக்குப் பழகுவதற்கு. விமானப் பணிப்பெண்கள் அவசர நேரத்தில் அதட்டுவதுகூட ஆய்வில் வந்ததுதான். ஊழியர்கள் உரக்கக் கத்தி விரட்டினால்தான் கூட்டம் வேகமாக வெளியேறுகிறது, அமைதியாக நின்றால் அவர்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்பது மியூர் பின்னாளில் நடத்திய இன்னொரு சோதனையின் முடிவு.

கதவும் மாறியது. 90-களின் பிற்பகுதியில் வந்த புதிய 737 விமானங்களில் இறக்கைமேல் எக்ஸிட், மேல்பக்கக் கீலில் தானாக வெளிப்பக்கம் எழும்பித் திறக்கிறது. யார் மடியிலும் விழாது. ஆனால், ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் இன்றும் சுமார் 15 கிலோ கதவைக் கையால் தூக்கி வெளியே போட வேண்டும். அம்மா ஏறிய விமானம் அந்த ரகம்.

சோதனையில் இல்லாதவர்கள்

இவ்வளவு படித்த பிறகும் மகனுக்கு ஒரு கோபம் மிச்சமிருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 2006-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடியில் வெளியேறிக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனால், இத்தகைய சோதனைகளில் முழங்கால் தேய்ந்தவர்கள் கிடையாது. கைக்குழந்தைகளுக்குப் பதில் பொம்மைகள். சீட் நெருக்கத்தால் வெளியேறும் வேகம் குறைகிறதா என்று அமெரிக்க விமானத் துறை 2019-20-ல் நடத்திய சோதனைகளில் கலந்துகொண்ட எல்லோரும் திடகாத்திரமான, 60 வயதுக்கு உட்பட்டவர்கள். 64 வயது அம்மாக்களை அந்தச் சோதனைகளில் வைத்து அளந்து பார்க்கவில்லை. அவர்கள்தான் பிள்ளைகளைப் பார்க்க ஊர் ஊராகப் பறக்கிறார்கள்.

எக்ஸிட் வரிசையிலிருந்து எழுப்பியது சரி. எழுப்பி உட்காரவைத்த இடத்தில் முழங்கால் இடித்ததே, அது சரியா? கேபின் டிசைனர்கள் இன்னும் பதில் சொல்லாத கேள்வி அது.

மகன் புகாரை எழுதவில்லை. மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா பேரனுக்கு எண்ணெய் தேய்த்தபடியே கேட்டார். கதவு மடியில் விழுந்த இடத்தில் மட்டும் கை நின்றது. "அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம்" என்றார். பிறகு, "என்னை எழுப்பினது தப்பில்லடா. கொஞ்சம் மெதுவா, விவரமா சொல்லியிருக்கலாம்" என்றார்.

துபாய் கதையையும் சொன்னான். 2016 ஆகஸ்ட்டில் திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையிறங்கும்போது விழுந்து தீப்பிடித்தது. உள்ளே புகை வரும்போதும் சிலர் மேலே கையை விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தது வீடியோவில் பதிவானது. நல்லவேளையாக விமானத்திலிருந்த 300 பேரும் தப்பினார்கள். தீயை அணைக்க வந்த ஒரு வீரர் இறந்துபோனார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், கடலோரக் காவல்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம். சிறு விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் எட்டு எக்ஸிட்களில் மூன்றுதான் பயன்பட்டன, மைக்கும் வேலை செய்யவில்லை. ஊழியர்கள் கத்திக் கத்தி வழிகாட்டினார்கள். பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். 379 பேரும் பிழைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பும் விமானம். மகன் இந்த முறை நடைபாதை ஓர சீட் எடுத்திருந்தான். காலைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளலாம். அம்மாவின் பையில் மகள் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரும், பேரனின் முதல் போட்டோ போட்ட ஃபிரேமும். யாரும் சொல்லாமலே அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"ஏதாவதுன்னா இதையும் விட்டுட்டுத்தான் போகணுமா?"

"விட்டுட்டுத்தான்மா போகணும்."

அம்மா ஒரு நிமிடம் பையைப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டி, முன்னால் இருந்த எக்ஸிட் பலகையைப் பார்த்து, சீட்டின் முதுகுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

"முன்னால ஆறு வரிசை. பின்னால எத்தனைன்னு நீ எண்ணு."